இருபது டேப்புக்கு நடுவே தேட வேண்டாம்

கம்ப்யூட்டர் கேள்வி - பதில்

தினமும் திறக்கிற வெப்சைட்டைத் தனி ஆப் போல டெஸ்க்டாப்பிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

*

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. காலையில் மதுரைத் திட்டத் தளத்தில் ஏதாவது ஓர் இலக்கியம், அப்புறம் தமிழ் விக்கிப்பீடியா, நடுவில் மெயில். எல்லாமே குரோமில்தான். மதியத்துக்குள் மேலே டேப்புகள் நிரம்பி, பெயர் தெரியாமல் சின்னச் சின்னப் படங்களாக நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. படித்துக்கொண்டிருந்த பாட்டு எந்த டேப்பில் என்று தேடியே கண் வலிக்கிறது. பேரன் ஒரு ஷார்ட்கட் போட்டுக் கொடுத்தான். அதை அழுத்தினாலும் அதே கூட்டத்தில் இன்னொரு டேப்பாகத்தான் திறக்கிறது. வேர்டு தனியாகத் திறப்பது போல இவையும் திறக்காதா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

தாராளமாகத் திறக்கும், டீச்சர். புதிதாக எந்த மென்பொருளும் வேண்டாம். உங்கள் குரோமிலேயே அந்த வசதி இருக்கிறது.

முதலில் ஒன்று. எந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் செய்கிறீர்களோ, சாதாரணத் தளங்களில் அந்தப் பக்கம்தான் ஒவ்வொரு முறையும் முதலில் திறக்கும். அதனால் மதுரைத் திட்டத்தில் ஏதோ ஒரு நூலின் நடுவில் இருந்துகொண்டு செய்ய வேண்டாம். நூல்களின் பட்டியல் பக்கத்துக்குப் போய்விடுங்கள். விக்கிப்பீடியாவில் முதற்பக்கம்.

இப்போது குரோமின் வலது மேல் மூலையில் இருக்கிற மூன்று புள்ளியை அழுத்துங்கள். வரும் பட்டியலில் ‘காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்’ என்று ஒரு வரி இருக்கும். அதன் மேல் போனால் பக்கத்தில் இன்னொரு சின்னப் பட்டியல் விரியும். அதில் ‘இன்ஸ்டால் பேஜ் ஆஸ் ஆப்’ என்பதை அழுத்துங்கள். குரோமைத் தமிழில் வைத்திருந்தால் சொற்கள் வேறாக இருக்கும், இடம் இதேதான்.

உடனே ஒரு சின்னப் பெட்டி வந்து பெயர் கேட்கும். ஆங்கிலத்தில் நீளமாக ஏதாவது இருந்தால் அழித்துவிட்டு, ‘மதுரைத் திட்டம்’ என்று தமிழிலேயே அடித்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் என்பதை அழுத்தியதும், அந்தப் பக்கம் டேப் வரிசையிலிருந்து பிரிந்து தனி விண்டோவாக வந்து நிற்கும். மேலே டேப்பும் இல்லை, முகவரிப் பட்டையும் இல்லை. பின்னால் போகும் அம்பும், பக்கத்தைப் புதுப்பிக்கும் வட்ட அம்பும் மட்டும் இருக்கும். கீழே டாஸ்க்பாரில் அதற்கென்று தனி ஐகான் வந்திருக்கும். அதை ரைட் கிளிக் செய்து ‘பின் டு டாஸ்க்பார்’ கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அங்கேயே இருக்கும். நாளைக் காலை அதை ஒரு முறை அழுத்தினால் போதும்; குரோமையே நீங்கள் திறக்க வேண்டியதில்லை.

பழைய பாணித் தளங்கள் சிலவற்றுக்குச் சரியான ஐகான் இருக்காது. அப்போது பெயரின் முதல் எழுத்தையே ஐகானாக வைத்துவிடும். ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு பெயர்கள் அமைந்தால் குழப்பம்தான். பெயர் வைக்கும்போதே வேறு வேறு எழுத்தாகப் பார்த்து வைத்துவிடுங்கள்.

கண் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விண்டோவில் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டுங்கள். எழுத்து பெரிதாகும். அந்தத் தளத்துக்கான அளவை குரோம் நினைவில் வைத்துக்கொள்ளும்; அடுத்த முறை திறக்கும்போதும் அதே பெரிய எழுத்துதான். மதுரைத் திட்டத்தின் பக்கங்கள் 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்தவை. அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எழுத்து. பெரிதாக்கினால் அழகாக விரிந்து கொடுக்கும். திரையின் இடது பாதியில் மூலப் பாடல், வலது பாதியில் விக்கிப்பீடியா என்று இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளவும் செய்யலாம். விண்டோஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு இடது அம்பு, வலது அம்பு தட்டினால் விண்டோ அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். உரை பார்த்துப் படிக்கிறவர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

வேறு தளத்துக்குப் போகிற லிங்க்கை அழுத்தினால் சில சமயம் வழக்கமான குரோமில் திறக்கும். சில சமயம் அதே விண்டோவில் மேலே முகவரியைக் காட்டிக்கொண்டு திறக்கும். இரண்டும் இயல்புதான், பயப்பட வேண்டாம்.

உங்கள் பேரன் போட்ட ஷார்ட்கட்டும் தவறில்லை. அது தளத்தின் முகவரியை மட்டும் ப்ரவுசரிடம் கொடுக்கிறது. எங்கே திறப்பது என்பதைப் ப்ரவுசர் தன் விருப்பப்படி முடிவு செய்துகொள்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

*

இது புதிய வசதியா? இத்தனை வருடமாகக் கண்ணில் படவே இல்லையே!
- கல்லூரி மாணவர், விருதுநகர்

பழையது. 2008 செப்டம்பரில் குரோம் முதன்முதலாக வந்தபோதே, தளத்தைத் தனி விண்டோவாகத் திறக்கும் ஷார்ட்கட் வசதி அதில் இருந்தது. அதற்கு முந்தைய வருடமே மொசில்லா ப்ரிசம் என்ற சோதனைத் திட்டமும், மேக்கில் ஃப்ளூயிட் என்ற மென்பொருளும் இதே வேலையைச் செய்தன. 2007-ல் ஐபோன் வந்த புதிதில் வெளியார் ஆப் எழுத வழியே இல்லை. வெப்சைட்டாகவே ஆப் செய்யுங்கள் என்றுதான் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். 2015-ல் இதற்கு ‘ப்ரோகிரசிவ் வெப் ஆப்’ என்று ஒரு பெயர் கிடைத்தது. இன்று நிறையத் தளங்கள் தம் பெயர், ஐகான், முதலில் திறக்க வேண்டிய பக்கம் ஆகியவற்றை மேனிஃபெஸ்ட் என்ற ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட தளத்துக்குப் போனால் முகவரிப் பட்டையின் வலது ஓரத்திலேயே ஒரு சிறிய இன்ஸ்டால் குறி தெரியும். மெனுவுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை.

கண்ணில் படாததற்குக் காரணம், மெனுவில் இதன் இடத்தையும் பெயரையும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான். முன்பு ‘மோர் டூல்ஸ்’ என்பதற்குள் ‘கிரியேட் ஷார்ட்கட்’ என்று ஒளிந்திருந்தது. அதை அழுத்தி, ‘ஓபன் ஆஸ் விண்டோ’ என்ற கட்டத்தில் டிக் அடித்தால்தான் தனியாகத் திறக்கும். இவ்வளவு பயனுள்ள வசதி மூன்றாம் அடுக்கு மெனுவில் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

*

பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். கம்பெனி ஜிமெயில் ஒன்று, சொந்த ஜிமெயில் ஒன்று. இரண்டையும் தனித்தனி ஆப்பாக வைக்க முடியுமா? இன்ஸ்டால் செய்து பார்த்தேன், ஒன்றுதான் வருகிறது. போன மாதம் பார்ட்டிக்கு அனுப்ப வேண்டிய ஸ்டேட்மெண்ட் சொந்த மெயிலிலிருந்து போய்விட்டது.
- வாசகர், திருப்பூர்

முடியும், அதற்கு ப்ரொஃபைலைப் பிரிக்க வேண்டும். குரோமில் மேலே வட்டமாக உங்கள் படமோ எழுத்தோ இருக்கும் இடத்தை அழுத்தினால், புதிய ப்ரொஃபைல் சேர்க்கும் வரி இருக்கும். ‘கம்பெனி’ என்று ஒன்றை உருவாக்கி, அதில் கம்பெனி மெயிலில் மட்டும் லாகின் செய்யுங்கள். அந்த ப்ரொஃபைலின் விண்டோவில் இருந்துகொண்டு ஜிமெயிலை இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு உங்கள் சொந்த ப்ரொஃபைலுக்கு வந்து அங்கேயும் இன்ஸ்டால் செய்யுங்கள். லாகின் விவரங்கள் ப்ரொஃபைலுக்கு ப்ரொஃபைல் தனி என்பதால் இரண்டும் ஒன்றையொன்று தொடாது.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று சொல்கிறேன், நான் கணக்கு அலுவலகங்களில் பரிந்துரைப்பது இதைத்தான். சொந்த மெயிலைக் குரோமிலும் கம்பெனி மெயிலை மைக்ரோசாஃப்டின் எட்ஜ் ப்ரவுசரிலும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் எட்ஜ் எப்படியும் இருக்கிறது. அதில் மூன்று புள்ளி, ‘மோர் டூல்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால் திஸ் சைட் ஆஸ் அன் ஆப்’. முடிந்ததும், டாஸ்க்பாரில் பின் செய்யவா, டெஸ்க்டாப்பில் ஐகான் வைக்கவா, கம்ப்யூட்டரைப் போட்டவுடன் தானாகத் திறக்கவா என்று எட்ஜே வரிசையாகக் கேட்கும். கம்பெனி மெயிலுக்குக் கடைசிக் கேள்வியிலும் டிக் அடித்துவிடுங்கள். காலையில் சீட்டில் உட்காரும்போது மெயில் திறந்து காத்திருக்கும்.

இரண்டு ஐகானும் ஒரே பல வண்ண ‘எம்’ எழுத்தாகத்தான் இருக்கும் என்பதால், டாஸ்க்பாரில் ஒன்றை இடது ஓரத்திலும் மற்றதைத் தள்ளியும் வையுங்கள். ஸ்டேட்மெண்ட் அனுப்பும் முன் ‘ஃப்ரம்’ வரியைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

*

என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி. லினக்ஸ் மின்ட் போட்டு ஃபயர்ஃபாக்ஸ் பாவிக்கிறேன். ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் தளத்தில் பழைய சஞ்சிகைகள் வாசிப்பதுதான் முக்கிய வேலை. இப்படித் தனித்தனி ஆப் ஆக்கினால் கணினி இன்னும் மெதுவாகுமா? ஃபயர்ஃபாக்ஸில் இந்த வசதியையே காணவில்லை.
- வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் கணினியிலேயே இதற்கென்று ஒரு கருவி இருக்கிறது, தம்பி. லினக்ஸ் மின்ட் 20.1 பதிப்பு 2021 ஜனவரியில் வந்தபோதே ‘வெப் ஆப்ஸ்’ என்ற சிறு மென்பொருளைச் சேர்த்துவிட்டார்கள். மெனுவில் அந்தப் பெயரைத் தேடித் திறந்து, கூட்டல் குறியை அழுத்தி, பெயரையும் முகவரியையும் கொடுங்கள். எந்தப் ப்ரவுசர் என்ற இடத்தில் ஃபயர்ஃபாக்ஸையே தேர்ந்தெடுக்கலாம். ஐகானை அதுவே தளத்திலிருந்து எடுத்துத் தரும். பிடிக்காவிட்டால் உங்களிடம் இருக்கும் படத்தை வைக்கலாம். முன்னும் பின்னும் போகும் பட்டை வேண்டுமா என்றும் கேட்கும். நூலகம் போன்ற தளத்தில் ஓர் இதழிலிருந்து பட்டியலுக்குத் திரும்பிக்கொண்டே இருப்பீர்கள், அதனால் வேண்டும் என்றே சொல்லுங்கள்.

வேகம் பற்றிக் கேட்டீர்கள். ஆப் ஆக்கியதால் மட்டும் ஒரு தளம் குறைந்த ரேமில் ஓடாது. குரோம், எட்ஜ் இரண்டிலும் உள்ளே ஓடுவது அதே ப்ரவுசர்தான், அதனால் ஒரு டேப் பிடிக்கும் இடத்தைத்தான் ஒரு ஆப்பும் பிடிக்கும். ஆனால் மின்ட்டின் கருவி ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒவ்வோர் ஆப்புக்கும் தனி ப்ரொஃபைல் உருவாக்குகிறது. அதாவது, வழக்கமான ஃபயர்ஃபாக்ஸ் திறந்திருக்கும்போதே இதையும் திறந்தால் இரண்டு ஃபயர்ஃபாக்ஸ் ஓடுவதாகக் கணக்கு. 4 ஜிபியில் அது தெரியத்தான் செய்யும். வாசிக்கும் நேரத்தில் நூலகம் ஆப் மட்டும் திறந்திருக்கட்டும், மற்றதை மூடிவிடுங்கள். ஸ்கேன் செய்த பெரிய பிடிஎஃப்களை ப்ரவுசருக்குள் திறக்காமல், இறக்கி வைத்து மின்ட்டில் உள்ள பிடிஎஃப் வாசிப்பானில் திறந்தால் இன்னும் இலகுவாக இருக்கும். லாகின் தேவைப்படும் தளமென்றால் தனி ப்ரொஃபைல் காரணமாக ஒருமுறை புதிதாக லாகின் செய்ய வேண்டியிருக்கும். நூலகத்தில் வாசிக்க அது தேவையில்லை.

ஃபயர்ஃபாக்ஸின் கதை கொஞ்சம் வருத்தமானது. ப்ரிசம் திட்டத்தைத் தொடங்கிய அதே மொசில்லா அதைக் கைவிட்டது. பிறகு சோதனையாக வைத்திருந்த தனி விண்டோ வசதியையும் 2021-ல் நீக்கிவிட்டது. நான்கு ஆண்டு கழித்து, 2025 செப்டம்பரில் வந்த 143-ஆம் பதிப்பில் விண்டோஸுக்கு மட்டும் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து எடுத்த ஃபயர்ஃபாக்ஸில் அப்போது அது கிடைக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் செய்ததை நான் மனதாரப் பாராட்டுகிறேன்: தனி விண்டோவிலும் முகவரிப் பட்டையை எடுக்கவில்லை. அது ஏன் முக்கியம் என்பது அடுத்த கடிதத்துக்கான பதிலில் இருக்கிறது.

*

எங்கள் அப்பாவுக்கு 74 வயது. அவர் வசதிக்காக வங்கித் தளத்தையும் இப்படி ஐகானாக வைத்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பாதுகாப்புதானா?
- வாசகி, திருச்சி

வேண்டாம் அம்மா. இந்தப் பக்கத்தில் நான் உறுதியாக ‘வேண்டாம்’ என்று சொல்வது இது ஒன்றைத்தான்.

தனி விண்டோவில் முகவரிப் பட்டை மறைந்துவிடுகிறது. செய்தித்தாள் படிக்கும்போது அது வசதி. பணம் போகும் இடத்தில் அப்படி இல்லை. நாம் எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்று எப்போதும் கண்ணெதிரே காட்டுகிற இடம் அந்தப் பட்டைதான். யாரோ அனுப்பிய லிங்க்கைத் திறந்து, அதே போலத் தோற்றமளிக்கும் போலிப் பக்கத்தை வங்கியின் பெயரிலேயே இன்ஸ்டால் செய்துவிட்டால், அப்பாவுக்கு இரண்டையும் பார்த்தவுடன் வேறுபடுத்த வழியே இருக்காது. ஐகானும் பெயரும் யார் வேண்டுமானாலும் வைக்கக்கூடியவை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்திய வங்கிகள் தம் இணைய முகவரிகளை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிகிற முகவரிக்கு மாற்ற வேண்டும், 2025 அக்டோபர் 31-க்குள் முடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அப்படி முடிகிற முகவரி, பதிவு செய்யப்பட்ட வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். அதாவது, முகவரியின் கடைசிப் பகுதியைப் பார்த்தாலே அசலா என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். மக்களுக்காகச் செய்த இந்த ஏற்பாடு பயன்பட வேண்டுமானால், முகவரி கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதை மறைக்கிற வழியை நாமே அப்பாவுக்குச் செய்து கொடுக்கக் கூடாது.

பதிலாக இதைச் செய்யுங்கள். பாஸ்புக்கிலோ வங்கிக் கிளையிலோ முகவரியைச் சரிபார்த்து, நீங்களே கையால் அடித்துப் போய், சாதாரண புக்மார்க்காகப் பட்டையில் வையுங்கள். அப்பா அதை அழுத்தி உள்ளே போகட்டும். பாஸ்வேர்டு அடிக்கும் முன் மேலே ‘டாட் பேங்க் டாட் இன்’ தெரிகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். 74 வயதில் இது நிச்சயம் பழகும். பணம் ஏமாந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே இன்ஸ்டால் செய்து வைத்திருக்கிற மற்ற ஆப்களில் முகவரியைப் பார்க்க வேண்டுமானால், அந்த விண்டோவின் மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்துங்கள். எந்தத் தளம் என்பது அந்தப் பட்டியலில் தெரியும்.

*

கொடுத்த முகவரியை அப்படியே இஎக்ஸ்இ ஃபைலாக்கித் தரும் மென்பொருள் ஒன்று நண்பர் தந்தார். இது நீங்கள் சொல்வதைவிட நல்லதா?
- வாசகர், சேலம்

இல்லை. அந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் ஓடுபவை. ஸ்லாக், டிஸ்கார்ட், விஷுவல் ஸ்டுடியோ கோட் எல்லாம் அதில் செய்யப்பட்டவைதான், எலக்ட்ரானில் குறையில்லை. ஆனால் ஒவ்வோர் ஆப்புக்குள்ளும், குரோமுக்கு அடிப்படையான குரோமியம் என்ற ப்ரவுசர் முழுசாக உட்கார்ந்திருக்கும். நாலு தளம் என்றால் நாலு ப்ரவுசர். ஒவ்வொன்றும் நூறு எம்பிக்கு மேல். குரோமில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் குரோம் தானாக அப்டேட் ஆகிவிடும். நீங்கள் ஒருமுறை செய்து வைத்த இஎக்ஸ்இ அப்படியே பழையதாகக் கிடக்கும். இந்த வேலைக்குப் பேர்போன நேட்டிவ்ஃபையர் என்ற கருவியையே அதை நடத்தியவர்கள் 2023-ல் நிறுத்திவிட்டார்கள். நண்பர் கொடுத்த ஃபைலை யார் செய்தது என்றும் உங்களுக்குத் தெரியாது. அழித்துவிடுங்கள்.

*

மேக் வைத்திருக்கிறேன், சஃபாரிதான் பழக்கம்.
- வாசகி, சென்னை

2023-ல் வந்த சோனோமா என்ற மேக் இயங்குதளப் பதிப்பு முதல் சஃபாரியிலேயே இந்த வசதி இருக்கிறது. ‘ஃபைல்’ மெனுவில் ‘ஆட் டு டாக்’. செய்யும் நேரத்தில் இருக்கும் லாகினை ஆப்புக்குள் நகல் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு சஃபாரி வேறு, ஆப் வேறு. சஃபாரியில் லாக்-அவுட் செய்தால் ஆப்பிலும் ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

*

எங்கள் ஊரில் அடிக்கடி நெட் போய்விடும். ஆப் ஆக்கிவிட்டால் நெட் இல்லாமலும் படிக்கலாமா?
- வாசகர், முதுகுளத்தூர்

பெரும்பாலும் முடியாது. தளத்தை நடத்துகிறவர்கள், ஆஃப்லைனில் காட்ட வேண்டியதைக் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்கும்படி அதற்கென்று நிரல் எழுதியிருக்க வேண்டும். எழுதாத தளம், நெட் போனதும் வெறும் பக்கத்தைத்தான் காட்டும், ஐகான் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

படிப்பதற்குத்தான் என்றால் வேறு வழி இருக்கிறது. மதுரைத் திட்டத்தின் நூல்களை நெட் இருக்கும்போதே இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொள்ளுங்கள். விக்கிப்பீடியாவுக்கு கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா மொத்தத்தையும் ஒரே ஃபைலாக இறக்கி அதில் திறக்கலாம், உள்ளே தேடவும் முடியும். பெரிய ஃபைல் என்பதால், உங்கள் ஊர் நெட்டில் போராடாமல், நல்ல இணைப்பு இருக்கும் இடத்தில் பென்டிரைவில் எடுத்து வருவது நல்லது. ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் அதிலும் போட்டுக் கொடுங்கள்.

*

ஆர்வத்தில் பத்துப் பதினைந்து தளங்களை ஆப் ஆக்கிவிட்டேன். இப்போது டெஸ்க்டாப் நிரம்பிவிட்டது. எப்படி நீக்குவது?
- வாசகர், நாகர்கோவில்

ஐகானை மட்டும் டிலீட் செய்தால் ஆப் போகாது. ஆப்பைத் திறந்து, மேலே மூன்று புள்ளியில் ‘அன்இன்ஸ்டால்’ கொடுக்க வேண்டும். அப்போது அந்தத் தளத்தின் டேட்டாவையும் அழிக்கவா என்று ஒரு கட்டம் வரும். டிக் அடித்தால் குரோமிலும் அந்தத் தளத்திலிருந்து லாக்-அவுட் ஆகிவிடும். பாஸ்வேர்டு நினைவில் இருந்தால் மட்டும் அடியுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ பட்டியலிலும் இவை மற்ற மென்பொருள்களோடு சேர்ந்தே தெரியும், அங்கிருந்தும் ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

எதை வைத்துக்கொள்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் டாஸ்க்பாரில் இருப்பவை நான்கு: மெயில், வாட்ஸ்அப் வெப், தமிழ் விக்சனரி, இந்தப் பத்திரிகைக்கு நான் எழுதும் டாக்குமெண்ட் தளம். காலையிலிருந்து இரவு வரை திறந்தே இருக்கிறவை இவைதான். வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கிற தளத்துக்கெல்லாம் புக்மார்க் போதும்.